சாச்சா கொண்டுவந்த நாலு கசட்



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருப்பவர்கள் முழுவதையும் வாசியுங்கள். நேரம் இல்லாதவர்கள் வீட்டு அலுமாரிக்கு மேலே பழைய வீடியோ கசட் ஏதும் கிடக்கிறதா என்று ஒருக்கா பார்த்துவிட்டு, பிறகு ஆறுதலாக வந்து வாசியுங்கள்.

போன பாடசாலை விடுமுறையில் சம்மாந்துறையிலிருந்து சாச்சா வந்தார். கையில் ஒரு பழைய அரிசி பேக். அதற்குள் சாரத் துண்டில் சுற்றிய நாலு வீடியோ கசட். "மகன், நீ சேர்தானே. இத இந்தப் புது டீவில போட ஏலுமா?" என்று கேட்டார். வாத்தியார் என்றால் மருந்துச் சீட்டு வாசிப்பது முதல் மோட்டார் திருத்துவது வரை எல்லாம் தெரியும் என்று நம்பும் தலைமுறை அது. நான் படிப்பிப்பது வரலாறு. இருந்தாலும் "ஏலா" என்று சொல்ல மனம் வரவில்லை. ஏனென்றால் அந்த நாலில் ஒன்றின் முதுகில் நீல மையால் "தங்கச்சி கலியாணம் 1993" என்று எழுதியிருந்தது.

அந்தத் தங்கச்சி என் மாமி. வாப்பாவுக்கும் சாச்சாவுக்கும் ஒரே தங்கை. 2004 சுனாமியில் கடலோடு போனவர்.

அந்தக் கசட்டைப் பற்றிச் சொல்வதற்கு முன், டெக் எங்கள் ஊர்களுக்கு எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். இன்றைய ஓ.எல். பிள்ளைகளிடம் "டெக்" என்றால் பாட்டுப் பெட்டி என்கிறார்கள். எங்கள் உம்மா வாப்பாவுக்கு டெக் என்றால் ஒன்றுதான், வீடியோ கசட் போடுகிற பெட்டி.

இலங்கையில் தொலைக்காட்சி 1979 ஏப்ரல் 13 அன்று ஐ.டி.என். உடன் தொடங்கியது. ஆனால் அது கொழும்பையும் சுற்றுப்புறத்தையும் தாண்டாது. ஜப்பானின் உதவியோடு ரூபவாஹினி 1982 பெப்ரவரி 15 அன்று வந்தது. பிதுருதலாகல மலை உச்சியில் ஒலிபரப்புக் கோபுரம் வைத்த பிறகுதான் நாட்டின் தூரத்து ஊர்களுக்கும் படம் எட்டியது. கல்முனைப் பக்கத்தில் நல்ல உயரமான கம்பத்தில் அன்டனா கட்டி, ஒருவர் மேலே நின்று திருப்ப, ஒருவர் முற்றத்தில் நிற்க, ஒருவர் உள்ளேயிருந்து "இப்ப வருது, இப்ப போச்சு" என்று கத்தின கதை உங்கள் வீட்டிலும் இருக்கும்.

ஆனால் டெக் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. அதற்கு அன்டனாவும் தேவையில்லை, மலை உச்சியும் தேவையில்லை. டீவியும் மின்சாரமும் இருந்தால் போதும். மின்சாரம் இல்லாத வளவுக்கு ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்து வந்தார்கள். ஜப்பானில் சொனி கம்பனி 1975இல் பீட்டாமெக்ஸையும், ஜே.வி.சி. கம்பனி 1976இல் வி.எச்.எஸ்.ஸையும் விற்பனைக்கு விட்டன. இந்த இரண்டுக்கும் நடந்த போட்டியில் வி.எச்.எஸ். வென்றது. எங்கள் ஊர்களில் இருந்ததும் பெரும்பாலும் அதுதான்.

இதெல்லாம் கல்முனை வீடுகளுக்கு எந்த வழியால் வந்தன? கடை வழியாக வந்ததை விட, பெட்டி வழியாக வந்ததுதான் அதிகம். 1973இல் எண்ணெய் விலை உயர்ந்தது. அரபு நாடுகளில் ரோடும் கட்டடமும் எழும்பின. வேலைக்கு ஆள் தேவைப்பட்டது. 1977இல் இங்கே திறந்த பொருளாதாரம் வந்தது. வயல் செய்தவர், மீன் பிடித்தவர், மருதமுனையில் தறி நெய்தவர் என்று ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒருவராவது சவூதிக்கோ குவைத்துக்கோ கட்டாருக்கோ போனார். பெண்கள் வீட்டு வேலைக்குப் போனார்கள். இந்த ஓட்டம் எவ்வளவு பெரிதானது என்றால் 1985இல் அரசாங்கம் அதற்கென்றே வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தை அமைத்தது. இரண்டு வருடம் கழித்து லீவில் வருபவர் கயிறு கட்டின பெரிய பெட்டியோடு வந்து இறங்குவார். பெட்டியில் போர்வை, கோடாலித் தைலம், டாங் மா, இடையில் துணி சுற்றி ஒரு டெக். உம்மா சொல்லுவா, எங்கள் ஒழுங்கையில் முதல் டெக் வந்த வீட்டு முற்றத்தில் அன்று பின்னேரமே பாய் விரித்தாகி விட்டதாம். பெண்களுக்கு ஒரு பக்கம், ஆண்களுக்கு ஒரு பக்கம், நடுவில் சீலை. ஒரு இரவில் மூன்று படம். சுபஹு பாங்கோடுதான் கலைவார்கள். "ஹராம்" என்று ஏசின மூத்தாப்பா, பின் கதவால் வந்து கடைசிப் படத்தைப் பார்த்தாராம். அவர் மௌத்தாகி விட்டார், இனி இதை எழுதலாம்.

படம் பார்த்தது ஒரு பக்கம். நான் முக்கியமாகச் சொல்ல வந்தது மற்றப் பக்கம்.

80களின் கடைசியில், 90களில் எங்கள் ஊர்களில் கலியாணத்துக்கு வீடியோ எடுக்கத் தொடங்கினார்கள். "பெருமைக்கு எடுத்தார்கள்" என்று இப்போது சொல்கிறோம். பெருமையும் இருந்ததுதான். ஆனால் எங்கள் குடும்பத்தில் அதற்கு வேறு காரணம் இருந்தது. கலியாணச் செலவுக்குக் காசு அனுப்பிய ஆள் கலியாணத்துக்கு இல்லை. தங்கைக்கு வீடு கட்டிக் கொடுப்பதற்காக ரியாத்தில் வெயிலில் நிற்கிற காக்காவுக்கு அந்தத் தங்கை மணப்பெண்ணாக இருப்பதைக் காட்ட வேறு வழி இருக்கவில்லை. ஃபோனில் மூன்று நிமிடம் பேசுவதற்கே கல்முனைப் பட்டினத்துக்குப் போய்க் காத்திருக்க வேண்டும். ஆகவே வீடியோ எடுத்து இரண்டு பிரதி போட்டார்கள். ஒன்று வீட்டுக்கு. மற்றது லீவில் வந்து திரும்பிப் போகிற யாரோ ஒருவரின் சூட்கேஸில் சவூதிக்கு. அது கலியாண ஆல்பம் இல்லை, கடிதம். அப்படிப் பார்த்தால்தான் அந்தக் கால வீடியோக்களில் ஏன் ஒவ்வொருவராகக் கெமராவுக்கு முன் வந்து சலாம் சொல்கிறார்கள், ஏன் சமைக்கிற சட்டியையும் புதுக் கூரையையும் கிணற்றையும் காட்டுகிறார்கள் என்று விளங்கும். பணம் அனுப்பியவருக்குக் கணக்குக் காட்டுகிறார்கள்.

இடையில் 1990 வந்தது. ஆகஸ்ட் 2ஆம் திகதி ஈராக் படை குவைத்துக்குள் நுழைந்தது. அடுத்த நாள் 3ஆம் திகதி இரவு காத்தான்குடியில் இரண்டு பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். குவைத்தில் இருந்தவருக்கு அங்கேயும் இருக்க முடியாது, இங்கே வீட்டில் என்ன நடக்கிறது என்றும் தெரியாது. உழைத்ததை விட்டுவிட்டு உடுத்த உடுப்போடு ஜோர்தான் பாலைவனம் வழியாக வந்தவர்கள் எங்கள் ஊர்களில் இருக்கிறார்கள். அதற்குப் பிறகும் போனார்கள். போகாமல் என்ன செய்வது?

சாச்சா போனது சவூதிக்கு. 1993இல் மாமியின் கலியாணத்துக்கு லீவு கிடைக்கவில்லை. கசட் போனது.

2004 டிசம்பர் 26 பற்றி எங்கள் ஊர் ஆட்களுக்கு நான் விவரிக்கத் தேவையில்லை. இலங்கையில் அதிக உயிர்கள் போனது அம்பாறை மாவட்டத்தில்தான், 10,000க்கும் மேற்பட்டோர். சாய்ந்தமருதில் கடலுக்கு இருநூறு அடி தூரத்தில் மாமியின் வீடு. எனக்கு அப்போது வயது 15. மாமா அன்று சம்மாந்துறைச் சந்தைக்குப் போயிருந்தார், தப்பினார். ஐந்து வயது மகளை யாரோ தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மாமியும் கைக்குழந்தையும் இல்லை. வீடு இருந்த இடத்தில் கிணற்றுக்கட்டு மட்டும் இருந்தது. ஆல்பம், அடையாள அட்டைப் பிரதி, வீட்டிலிருந்த கலியாண கசட், டெக் எல்லாம் போய்விட்டன. மாமியின் மகள் தன் உம்மாவை ஒரே ஒரு மங்கிய குழுப் படத்தில்தான் பார்த்து வளர்ந்தாள். அதில் மாமி பின் வரிசையில் பாதி மறைந்து நிற்கிறார். குரல் எப்படி என்று அவளுக்கு ஞாபகமே இல்லை.

சாச்சாவின் பிரதி தப்பியதற்குக் காரணம் எங்கள் வழக்கம். எங்கள் பகுதியில் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குத்தான் போய் இருப்பார். சாச்சா சம்மாந்துறையில் கலியாணம் முடித்தார். சவூதியிலிருந்து கடைசியாகத் திரும்பியபோது சூட்கேஸ் போனது மனைவி வீட்டுக்கு. சம்மாந்துறை வயல் பக்கம், கடல் அங்கே வரவில்லை. இருபது வருடமாக அந்தக் கசட் ஒரு அலுமாரிக்கு மேலே இருந்திருக்கிறது. "ஏன் சாச்சா இவ்வளவு நாளும் சொல்லல?" என்று கேட்டேன். "பார்க்கப் பயமா இருந்திச்சி மகன்" என்றார். பிறகு டெக்கும் பழுதாகிவிட்டது, அதை இரும்புக்குப் போட்டுவிட்டார்கள்.

இனி வேலை. இதைச் செய்ய எனக்கு மூன்று கிழமை பிடித்தது. உங்களுக்கு ஒரு பின்னேரத்தில் முடிய வேண்டும் என்பதற்காக விவரமாக எழுதுகிறேன்.

முதலில் டெக். புது டெக் உலகத்தில் எங்கேயும் செய்வதில்லை. கடைசியாகச் செய்துகொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் கம்பனி 2016 ஜூலையில் நிறுத்தியது. அதற்கு முந்திய வருடம் அவர்கள் விற்றது 750,000, நல்ல காலத்தில் வருடத்துக்கு 15,000,000 விற்றவர்கள். ஆகவே பழசுதான் தேட வேண்டும். எனக்கு மருதமுனையில் ஒரு கூட்டாளியின் மாமனார் வீட்டில் கிடைத்தது. ஒரு விசயம் கவனியுங்கள். கிடைத்த உடனே உங்கள் பெறுமதியான கசட்டைப் போடாதீர்கள். உள்ளே ரப்பர் பெல்ட் உருகிப் பிசின் மாதிரி ஆகியிருக்கும், கசட் நாடாவை இழுத்துத் தின்றுவிடும். முதலில் ஒன்றுக்கும் உதவாத ஒரு படக் கசட்டைப் போட்டு, ஓட்டி, முன்னே பின்னே சுற்றி, வெளியே எடுத்துப் பாருங்கள். எனக்குக் கிடைத்த டெக் முதல் நாளே ஒரு பழைய சண்டைப் படத்தைத் தின்றது. பெல்ட் மாற்றித் தந்தவர் கல்முனையில் ரேடியோ திருத்துகிற ஒரு வயோதிபர், காசு வாங்கவில்லை.

கசட்டையும் பாருங்கள். மூடியைத் திறந்து வெளிச்சத்தில் பிடித்தால் நாடாச் சுருளில் வெள்ளைத் தூள் தெரிகிறதா? அது பூஞ்சணம். எங்கள் கடற்கரைக் காற்றின் ஈரத்தில் சாதாரணமாக வரும். அப்படி இருந்தால் டெக்கில் போடவே வேண்டாம். நாடாவும் போகும், டெக்கின் ஹெட்டும் அடைபடும், அடுத்துப் போடுகிற கசட்டுக்கும் பரவும். அதைத் துப்பரவாக்கத் தெரிந்தவரிடம் கொடுக்க வேண்டும்.

ஹெட் என்பது உள்ளே சாய்வாகச் சுழலும் ஒரு உருளையில் இருக்கிறது. எங்கள் முறையில் அது ஒரு செக்கனுக்கு 25 தடவை சுற்றும். நாடா மெதுவாக, செக்கனுக்கு இரண்டரை சென்ரிமீற்றருக்கும் குறைவாக நகரும். நாடாவின் மேல் சாய்ந்த சாய்ந்த கோடுகளாகப் படம் எழுதப்பட்டிருக்கும். மூன்று மணித்தியாலக் கசட்டில் சுமார் 250 மீற்றர் நாடா. ஹெட்டில் கொஞ்சம் அழுக்குப் பட்டாலும் திரை முழுக்க மழை பெய்யும். துடைக்க ஸ்பிரிட்டில் நனைத்த மென்மையான துணி போதும். துணியை அசைக்காமல் உருளையில் பிடித்து, உருளையை மறு கையால் சுற்ற வேண்டும். மேலும் கீழுமாகத் தேய்த்தால் ஹெட் உடைந்துவிடும். சாச்சா அந்தக் காலத்தில் பத்து ரூபாய்த் தாளால் துடைப்பாராம். புதுத் தாளாக இருக்க வேண்டும் என்றும் சொன்னார். நான் அதைப் பரிசோதித்துப் பார்க்கவில்லை.

அடுத்தது டீவியோடு இணைப்பது. டெக்கின் பின்னால் இரண்டு விதமான வாய் இருக்கும். ஒன்று அன்டனா வயர் போகிற வாய். மற்றது மஞ்சள், வெள்ளை, சிவப்பு. மஞ்சள் படம், மற்ற இரண்டும் சத்தம். மிகப் பழைய டெக்கில் சத்தத்துக்கு ஒன்றுதான் இருக்கும், அதை வெள்ளைக்குக் கொடுங்கள். புது டீவியின் பின்னால் பார்த்தால் இந்த மூன்றும் இல்லை, எச்.டி.எம்.ஐ. மட்டும் இருக்கிறது என்பதுதான் எல்லாரும் சொல்கிற முறைப்பாடு. கொஞ்சம் பொறுங்கள். பல டீவிகளில் ஹெட்ஃபோன் ஜக் மாதிரி ஒரு சிறிய ஓட்டை, "ஏ.வி. இன்" என்ற எழுத்தோடு இருக்கும். ஒரு பக்கம் சின்ன ஜக், மறு பக்கம் மூன்று நிறம் உள்ள வயர் ஒன்று வாங்கினால் போதும். சத்தம் வந்து படம் வராவிட்டால் வயரைத் தூக்கி எறியாதீர்கள். இந்த வயர்களில் உள்ளே கம்பி வரிசை கம்பனிக்குக் கம்பனி மாறும். மஞ்சளில் போட்டதைச் சிவப்பில் மாற்றிக் குத்திப் பாருங்கள், எதுவும் எரியாது. சில டீவிகளில் மஞ்சளும் பச்சையும் ஒரே வாயில் இருக்கும். அதில் படம் கறுப்பு வெள்ளையாக வந்தால், ரிமோட்டில் "கொம்பொனன்ட்" என்பதை விட்டு "ஏ.வி." என்று மாற்ற வேண்டும்.

அந்த ஓட்டையும் இல்லையென்றால் ஒரு சின்ன மாற்றுப் பெட்டி வாங்க வேண்டும். இங்கேதான் நான் ஏமாந்தேன், கடையைக் குறை சொல்ல மாட்டேன், என் கவனக்குறைவு. இரண்டு விதமான பெட்டி ஒரே நிறத்தில், ஒரே அளவில் விற்கிறார்கள். ஒன்று எச்.டி.எம்.ஐ.யை மூன்று நிறமாக மாற்றும், புதுப் பெட்டியைப் பழைய டீவிக்குக் கொடுக்க. மற்றது மூன்று நிறத்தை எச்.டி.எம்.ஐ.யாக மாற்றும். நமக்கு வேண்டியது இரண்டாவது. மூன்று நிறத்துக்குப் பக்கத்தில் "இன்புட்" என்று எழுதியிருக்க வேண்டும். நான் முதலாவதை வாங்கி வந்து இரண்டு நாள் டீவியைத் திட்டினேன். இந்தப் பெட்டிக்கு ஃபோன் சார்ஜர் மாதிரியான மின்சாரமும் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் வேலை செய்யாது.

பழைய வழியும் இன்னும் செத்துவிடவில்லை. அன்டனா மூலம் வருகிற பழைய முறை ஒளிபரப்பைப் பிடிக்கும் டீவியாக இருந்தால், டெக்கின் அன்டனா வாயிலிருந்து டீவியின் அன்டனா வாய்க்கு வயர் கொடுத்து, சனல் தேட விட்டால், 36ஆம் சனல் அளவில் டெக் பிடிபடும். படம் கொஞ்சம் மங்கல்தான். ஒன்றும் இல்லாததற்கு இது மேல்.

எல்லாம் சரியாக இணைத்த பிறகும் நீலத் திரை வந்து "சிக்னல் இல்லை" என்று நிற்கும். வயரைச் சந்தேகிக்காதீர்கள். பழைய நாடாவில் படத்தின் கோடுகள் நேரம் தவறாமல் வருவதில்லை, கொஞ்சம் முந்தும், கொஞ்சம் பிந்தும். பழைய குண்டு டீவி அதன் போக்கிலேயே போய்ப் படத்தைக் காட்டிவிடும். புது டீவி ஒவ்வொரு கோட்டையும் அளந்து கணக்கெடுத்துத்தான் காட்டும், கணக்குப் பிழைத்தால் மூடிவிடும். டெக்கில் "ட்ரக்கிங்" என்ற பொத்தான் இருக்கும், அதை மெதுவாகக் கூட்டிக் குறையுங்கள். ஹெட்டை மறுபடி துடையுங்கள். எங்களுக்கு இரண்டாம் துடைப்பில்தான் நீலம் விலகியது.

நிறத்தைப் பற்றியும் ஒரு சொல். இலங்கையின் முறைக்குப் பெயர் பால் (குடிக்கிற பால் இல்லை). அமெரிக்கா, ஜப்பானில் என்.டி.எஸ்.சி. அந்தக் காலத்துச் சவூதியில் செகாம். கல்முனையில் எடுத்த கலியாணம் பாலில் இருந்தபடியால் பிரச்சினை இல்லை. ஆனால் சாச்சா ரியாத்தில் டீவியிலிருந்து பதிந்த மக்கா தராவீஹ் தொழுகை கறுப்பு வெள்ளையாகத்தான் ஓடியது. கசட் பழுதில்லை. பால் மட்டும் தெரிந்த டெக் செகாம் நிறத்தை வாசிக்காது. இரண்டும் தெரிந்த டெக்குகளைத்தான் நம்மவர்கள் "மல்ட்டி சிஸ்டம்" என்று தேடித் தேடி வாங்கினார்கள். அது வெறும் பந்தா என்று நான் நினைத்திருந்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை இஷாவுக்குப் பிறகு போட்டோம். சாச்சா, வாப்பா, மாமா, மாமியின் மகள், அவளுடைய இரண்டு வயதுப் பிள்ளை. முதலில் எல்லாரும் குண்டாகத் தெரிந்தார்கள். பழைய படம் நாலுக்கு மூன்று, புது டீவி அதை இழுத்து அகலமாக்கிவிடும். ரிமோட்டில் "4:3" என்று மாற்றினேன். மாமி மெலிந்து தன் அளவுக்கு வந்தார்.

கொஞ்ச நேரம் சட்டிகளும் கூரையும்தான். நாலு வயதில் நான் சப்பாத்தை மாறிப் போட்டுக்கொண்டு ஓடுகிறேன். மௌத்தான ஆட்கள் ஒவ்வொருவராக வருகிறார்கள், வாப்பா பெயர் சொல்லிக்கொண்டே இருந்தார். பிறகு ஒரு அறை. கெமராக்காரர் ஏதோ சொல்கிறார், மாமி தலை குனிந்து சிரிக்கிறார். யாரோ பெண் குரல், "சொல்லு புள்ள, காக்கா பார்ப்பாரு." மாமி நிமிர்ந்து, "காக்கா, உங்களுக்கு வட்டிலப்பம் எடுத்து வெச்சிரிக்கம். சுறுக்கா வாங்க" என்கிறார். அவ்வளவுதான், ஐந்து செக்கன் இருக்காது.

சாச்சா எழும்பி முற்றத்துக்குப் போனார். மாமியின் மகள், "திருப்பிப் போடுங்க மச்சான்" என்றாள். போட்டேன். அதே இடத்தில் நாலைந்து தடவை திருப்பினோம். ஏழாவது தடவையோ என்னவோ, அவளுடைய பிள்ளை திரையைப் பார்த்து "உம்மா" என்றது. உண்மைதான், குரல் அப்படியே இருந்தது. எங்கள் யாருக்கும் அதுவரை தெரியவில்லை.

இனி திருப்ப வேண்டாம், நாடா தேயும் என்று நிறுத்தினேன். அடுத்த நாள் யூ.எஸ்.பி.யில் குத்துகிற ஒரு சின்னப் பதிவுக் கருவியை லெப்டொப்பில் இணைத்து முழுவதையும் பதிந்தேன். மூன்று மணித்தியாலக் கசட்டைப் பதிய மூன்று மணித்தியாலம்தான், குறுக்கு வழி இல்லை. ஒரு பிரதி பென் ட்ரைவில், ஒன்று இணையத்தில், ஒன்று சம்மாந்துறையில். 1993இல் இரண்டு பிரதி போட்டவர்களின் புத்தி இப்போதுதான் விளங்குகிறது.

உங்களிடம் இருப்பது கலியாணமாக இருக்கலாம், சுன்னத்து வைபவமாக இருக்கலாம், மர்ஹூம் அஷ்ரப் அவர்களின் கூட்டமாக இருக்கலாம், 1996 மார்ச் 17 உலகக் கிண்ண இறுதிப் போட்டியை டீவியிலிருந்து பதிந்ததாக இருக்கலாம். டெக் இப்போது என் வீட்டில் இருக்கிறது, இன்னும் எத்தனை நாள் ஓடும் என்று தெரியாது. சனி, ஞாயிறு பின்னேரம் வாருங்கள். ஒரு காலிப் பென் ட்ரைவ் கொண்டு வாருங்கள், கசட்டின் முதுகில் வீட்டுக்காரர் பெயரை எழுதுங்கள். வரும்போது வெயிலில் மோட்டார் சைக்கிள் சீட்டில் வைத்துக் கொண்டு வராதீர்கள்.

காசு வேண்டாம். பழுதான டெக் கிடந்தால் அதையும் எடுத்து வாருங்கள், பெல்ட்டுக்கு உதவும்.